செம்புள்ளி அந்துவா, குன்றிமணி விட்டிலா?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

உட்டெதைசா என்ற பூச்சிப் பேரினத்துக்குத் தமிழ்ப்பெயராக நீங்கள் சொன்ன ‘செம்புள்ளி அந்து’ பற்றி இரண்டு நாளாக யோசித்தேன். மனம் ஒப்பவில்லை.

முதலில் அந்து. நம் பக்கம் அந்து என்றால் குதிரில் கிடக்கும் நெல்லைக் கெடுக்கிற பூச்சி. இதுவோ உவரி, நவ்வலடிப் பக்கம் தேரிச் செம்மணலில் பட்டப்பகலில் பறப்பது. தானியத்தைத் தொடாது. இரவில் விளக்குக்கும் வரும் என்பதால் விட்டில் என்பதே பொருந்தும். விட்டில் வெட்டுக்கிளியையும் குறிக்குமே என்பீர்கள். ‘விளக்கில் விழுந்த விட்டில்’ என்று சொல்லிப் பழகிய நமக்கு அதில் குழப்பம் வராது.

அடுத்து, செம்புள்ளி. மஞ்சள் பூ கிலுகிலுப்பைச் செடி ஒன்றின் அருகே குத்தவைத்துப் பார்த்தேன். சுருட்டிய வெள்ளைத்தாள் போல் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. சிறகில் சிவப்புப் பொட்டுகள், இடையிடையே கருப்புப் பொட்டுகள். கையை நீட்டியதும் நாலடி பறந்து மறுபடி புல்லில் விழுந்தது. அப்போதுதான் பின்சிறகின் கருப்பு விளிம்பு தெரிந்தது. சிவப்பும் கருப்பும் சேர்ந்தால் நமக்கு என்ன நினைவு வரும்? குன்றிமணிதானே!

நிறம் மட்டும் காரணமில்லை. குன்றிமணி அழகு, உள்ளே நஞ்சு. இதுவும் அப்படியே. புழு கிலுகிலுப்பைக் காயைத் துளைத்து விதையைத் தின்னும்போது அதிலுள்ள ஆல்கலாய்டு நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. சிறகு முளைத்த பிறகும் அது போவதில்லை. அமெரிக்காவில் வாழும் இதன் உறவினமான உட்டெதைசா ஆர்னாட்ரிக்ஸ் வலையில் சிக்கினால், சிலந்தியே இழையை அறுத்து வெளியே விட்டுவிடுகிறது. அதில் ஆண் தன் நஞ்சில் ஒரு பங்கைக் கலவியில் பெண்ணுக்குக் கொடுக்க, பெண் அதை முட்டைக்கும் சேர்க்கிறது. தாய் தகப்பன் இருவரும் தரும் சீதனம்!

ஸ்வீடன் இயற்கையறிஞர் லின்னேயசு 1758இல் இதில் ஓர் இனத்துக்குப் புல்செல்லா, அதாவது சின்ன அழகி, என்று பெயரிட்டார். அந்தப் பெயரில் அழகு உண்டு, நஞ்சைப் பற்றிய குறிப்பு இல்லை. நம் பெயரில் இரண்டும் இருக்கட்டும்.

ஒரு மறுப்பு வரும்: குன்றிக்கொடியைத் தின்பது என்று படிப்பவர் நினைக்கலாம். நியாயம்தான். அதற்காகத்தான் உணவுச்செடியை இனப்பெயரில் முன்னால் வைக்கச் சொல்கிறேன். கிலுகிலுப்பையைத் தின்னும் லோட்ரிக்ஸ் இனத்துக்குக் ‘கிலுகிலுப்பைக் குன்றிமணி விட்டில்’. இந்தியப் பெருங்கடல் தீவுகள் முதல் ஆஸ்திரேலியா வரை பரவியுள்ள புல்செல்லாய்டஸ் இனம் தேள்கொடுக்குக் குடும்பச் செடிகளை நாடுவது. அதற்குத் ‘தேள்கொடுக்குக் குன்றிமணி விட்டில்’. சரி, இரண்டுமே கொஞ்சம் நீளம். ‘தேட்கொடுக்கு’ என்று புணர்த்தி எழுதுவதா, வழக்கில் உள்ளபடியே விடுவதா? அதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள் அண்ணாச்சி.