நாடகத்தை நேரலையில் காட்டினால் அரங்குக்கு வருகிற கூட்டம் குறையுமா?

செம்பூர்வாசி:
எங்களுடையது பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து நடத்தும் அமெச்சூர் தமிழ் நாடகக் குழு. வருடத்துக்கு இரண்டு நாடகம், மும்பையில் மாட்டுங்கா பக்கம் ஹால் எடுத்துப் போடுகிறோம். இந்த முறை இணையத்தில் நேரலையும் செய்து அதற்குத் தனி டிக்கெட் வைக்கலாம் என்கிறார்கள் குழுவில் பாதிப் பேர். எனக்குப் பயமாக இருக்கிறது. வரக்கூடியவர்களும் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டால்? எதிரே ஜனம் இல்லாமல் எனக்கு நடிப்பே வராது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மெரின் டிரைவ் ரசிகன்:
லண்டன் நேஷனல் தியேட்டர் நாடகங்களை இங்கே என்சிபிஏ கலை மையம் திரையிடும்போது தவறாமல் போகிறவன் நான். 2009 ஜூனில் ஹெலன் மிரன் நடித்த நாடகத்தோடு அவர்கள் சினிமா அரங்குகளுக்கு நேரலையாக ஒளிபரப்பத் தொடங்கினார்கள், அப்போது அங்கேயும் இதே பயம்தான். அப்புறம் நெஸ்டா என்ற அமைப்பு டிக்கெட் கணக்கை வைத்து ஆராய்ந்து 2014ல் வெளியிட்டது: லண்டனில் கூட்டம் குறைந்ததாகத் தெரியவில்லை, ஒளிபரப்பு நடந்த பகுதிகளிலிருந்து கொஞ்சம் கூடவே வந்திருக்கிறார்கள். ஆனால் ஒன்று, அது சினிமா அரங்கில் நூறு பேரோடு இருட்டில் உட்கார்ந்து பார்ப்பது. வீட்டில் குக்கர் விசிலுக்கு நடுவே போனில் பார்ப்பதற்கும் அதே கணக்குப் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன்.

மிக்சர் ஆபரேட்டர்:
கூட்டத்தை விடுங்கள் சார், முதலில் சத்தத்தைக் கவனியுங்கள். எங்கள் குழு கடைசி வரிசையில் ஒரு மொபைலை நிறுத்தி நேரலை செய்தது, இருமல் கேட்டது, வசனம் கேட்கவில்லை, பார்த்தவர்கள் பாதியில் போய்விட்டார்கள். மேடை மைக்குகள் எல்லாம் வந்து சேரும் மிக்சரிலிருந்து நேராக லைன் எடுங்கள், சிரிப்பும் கைதட்டலும் வர ஹாலுக்குத் தனியாக ஒரு மைக் வையுங்கள். மேடை வெளிச்சத்தில் கேமராவில் முகம் வெளுத்துப்போகும், அதனால் கேமராவோடு ஒரு ஒத்திகை கட்டாயம் வேண்டும். எந்த வசனத்துக்கு எந்தக் கேமரா என்று மாற்றுகிறவருக்கு ஸ்கிரிப்ட் மனப்பாடமாக இருக்க வேண்டும். இன்னொன்று, மேடையேற்ற அனுமதி வேறு, ஒளிபரப்ப அனுமதி வேறு. எழுதியவரிடம் தனியாகக் கேளுங்கள். நடுவில் சினிமாப் பாட்டு வந்தால் யூடியூப் நிறுத்திவிடக்கூடும்.

டோம்பிவிலி மகள்:
அம்மாவுக்கு 78 வயது. ஒரு காலத்தில் ஷண்முகானந்தா ஹாலில் எந்தத் தமிழ் நாடகம் வந்தாலும் முதல் ஆளாக நிற்பார். இப்போது முட்டி வலியில் ஸ்டேஷன் படி ஏற முடியாது, லோக்கல் ரயிலில் நிற்கவும் முடியாது. நேரலை வந்தால் நீங்கள் இழக்கிற டிக்கெட் அல்ல அவர், எப்போதோ இழந்தாகிவிட்டது. பதிவு செய்து அப்புறம் போடுகிறோம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அங்கே திரை விலகும் அதே நிமிடத்தில் இங்கேயும் விலகுவதுதான் அவருக்கு வேண்டும், அன்று புடவை மாற்றிக்கொண்டு உட்காருவார்.

செம்பூர்வாசி:
இதை நான் யோசிக்கவே இல்லை அம்மா. சரி, முதல் நாள் ஹாலுக்கு மட்டும், இரண்டாம் நாள் நேரலை என்று குழுவில் பேசுகிறேன். மிக்சர் சார், இரண்டு கேமரா போதுமா? மூன்றுக்கு எங்களிடம் பணம் இல்லை.