பேட்டர்ன் திரும்பச் சுற்றும்போது வைப்ரேட்டோ ஒட்டிக்கொண்டே வருகிறது

கேள்வி:
வொர்க்ஸ்டேஷன் கீபோர்டின் சீக்வென்சரில் (வாசிப்பதைப் பதிந்து திரும்ப ஒலிக்கும் பகுதி) நாலு பார் பேட்டர்ன், திரும்பத் திரும்பச் சுற்றும். மூன்றாவது டிராக்கில் ஸ்ட்ரிங்ஸ். நோட்டுகளை முதலில் பதிந்துவிட்டு, அப்புறம் ஓவர்டப்பில் (பதிந்ததன் மேலேயே பதிவது) மாட் வீலை, அதாவது வைப்ரேட்டோ என்ற நடுக்கத்தைக் கூட்டும் சக்கரத்தை, சேர்த்தேன். நாலாவது பாரில் வீலை மெல்ல ஏற்றுகிறேன், கேட்க அவ்வளவு நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டாவது சுற்றில் முதல் நோட்டே நடுக்கத்தோடு வருகிறது. மறுபடி வாசிக்காமல் சரிசெய்ய முடியுமா? அந்த டேக் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

பதில் 1:
முடியும், நோட்டுகள் அப்படியே இருக்கட்டும். நோட்டுக்கு முடிவு என்று ஒன்று உண்டு, வீல், பெடல் போன்ற கண்ட்ரோலருக்குக் கிடையாது. கடைசியாகப் போன மதிப்பு, அடுத்தது வரும்வரை நிற்கும். வீல் உச்ச மதிப்பான 127-ல் நின்றால் சவுண்டும் அங்கேயே நிற்கும். பதிந்ததைப் பட்டியலாகக் காட்டும் ஈவென்ட் எடிட்டில் போய், முதல் பாரின் முதல் பீட்டில் சிசி 1 (சிசி என்பது கண்ட்ரோலரைக் குறிக்கும், 1 மாட் வீலின் எண்), மதிப்பு 0 என்று ஒரு வரி சேருங்கள். பட்டியலில் அது முதல் நோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் நோட்டு தொடங்கும்போது நடுக்கம் லேசாக எட்டிப்பார்க்கும். சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்டுக்கும் இதே வைத்தியம்தான், நடு நிலைக்குக் கொண்டுவர வேண்டும். சஸ்டெய்ன் பெடல் மிதித்தபடியே பேட்டர்ன் முடிந்தால் கடைசியில் சிசி 64-க்கு ஒரு 0 போடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
அந்த ஒரு வரியிலேயே சரியாகிவிட்டது, மிக்க நன்றி! இன்னொன்று. ஏற்றத்தை இன்னும் நிதானமாக்க வீலை மட்டும் மறுபடி பதியலாமா? ஒலி அளவும் கொஞ்சம் ஏறி இறங்க வேண்டும், அதற்கு சிசி 7 போதுமா?

பதில் 2:
பழைய சிசி 1-ஐ அழித்துவிட்டுப் பதியுங்கள். ஓவர்டப் எதையும் அழிக்காது, மேலே மேலே சேர்க்கும். பழசும் புதுசும் கலந்தால் பட்டியலில் 40, 112, 43, 110 என்று மாறி மாறி வரும். காதில் அது கரகரப்பாக விழும். பெரும்பாலான சீக்வென்சர்களில் கண்ட்ரோலர் எண்ணைக் குறிப்பிட்டு அதை மட்டும் அழிக்கலாம், நோட்டுகளுக்கு ஒன்றும் ஆகாது.

ஒலி அளவுக்கு சிசி 7 வேண்டவே வேண்டாம், எக்ஸ்பிரஷன் எனப்படும் சிசி 11 எடுங்கள். மிக்ஸரில் டிராக்குக்கு வைக்கும் அளவுதான் சிசி 7. அதைப் பேட்டர்னுக்குள் பதிந்தால், பாட்டில் அந்தப் பேட்டர்ன் வரும் இடமெல்லாம் நீங்கள் பொறுமையாக வைத்த மிக்ஸ் கலைந்துபோகும். எக்ஸ்பிரஷன், அந்த அளவுக்கு உட்பட்டே ஏறி இறங்கும். நாளைக்கு ஸ்ட்ரிங்ஸ் மொத்தத்தையும் குறைக்கத் தோன்றினால் மிக்ஸரில் குறைத்தால் போதும், உங்கள் ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கும். இதற்கும் பேட்டர்ன் தொடக்கத்தில் ஒரு மதிப்பு வைக்க வேண்டும். ஆனால் 0 போட்டுவிடாதீர்கள், சத்தமே வராது. ஏற்றம் எங்கிருந்து தொடங்குகிறதோ அந்த மதிப்பைப் போடுங்கள்.