துவாக்குடி பக்கம் டிக் வெல்டர்களுக்கு இப்போது என்ன சம்பளம்?

வணக்கம் நண்பர்களே. திருச்சி பக்கம் துவாக்குடி சிட்கோ தொழிற்பேட்டையில் பாய்லர் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் டிக் வெல்டராக (ஆர்கான் வாயு வைத்துப் பற்றவைக்கும் வேலை) இருக்கிறேன். ஐ.பி.ஆர். (பாய்லர் விதிகளின்படி வெல்டர்களுக்கு நடக்கும் தேர்வு) தேர்ச்சி பெற்ற பிறகு ஹை பிரஷர் குழாய் ஜாயின்ட் எல்லாம் என்னிடம்தான் வருகிறது. வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்துச் சோதிக்கும்போது குறை தெரிந்து ரிப்பேர் விழுவது அபூர்வம். மாதச் சம்பளம் மட்டும் பழைய 19,000தான். ஓ.டி.க்கு இரட்டிப்புக் கூலி என்று சட்டம் இருந்தும் சாதா கூலிதான் போடுகிறார்கள்.

பொங்கல் முடிந்ததும் முதலாளியிடம் பேசப்போகிறேன். நல்ல மனுஷன், ஆனால் "ஆர்டர் இல்லப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். படியை ஏற்றினால் போதாது, பேசிக்கில் ஏற வேண்டும், பி.எஃப்., கிராஜுவிட்டி இரண்டும் அதை வைத்துத்தானே. திருவெறும்பூர், துவாக்குடி பக்கம் இதே வேலைக்கு எவ்வளவு தருகிறார்கள்? ஓ.டி. விஷயத்தையும் சேர்த்தே பேசலாமா, இல்லை முதலில் சம்பளம் மட்டுமா? பேசி வாங்கிய அண்ணன்மார் தயவுசெய்து சொல்லுங்கள்.