லி ஷிமின்: வாள் பிடித்த கையா, ஏடு திருத்திய கையா?

கல்குதிரை:
யுவான் சுவாங் இந்தியாவைச் சுற்றிவிட்டு ஊர் திரும்பியபோது சீனாவை ஆண்டவர் தாங் வம்சத்துத் தைசோங். இயற்பெயர் லி ஷிமின். ஆட்சி 626 முதல் 649 வரை. படைக்கு முன்னால் தானே குதிரையில் பாய்ந்த சீன அரசர் யார் என்று கேட்டால் நான் இவரைத்தான் சொல்வேன்.

621-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது அப்பா அரசர், இவர் இளவரசர், வயது இருபதுகளின் தொடக்கம். லுவோயாங் நகரை முற்றுகையிட்டிருக்கிறார். உள்ளே மாட்டிக்கொண்ட போட்டி அரசன் வாங் ஷிசோங்கைக் காப்பாற்ற இன்னொரு போட்டி அரசன் தோ ஜியென்தெ ஒரு லட்சத்துக்கும் மேல் ஆட்களோடு வருகிறான். கூட இருந்த பெரிய தலைகள் பின்வாங்கிவிடலாம் என்கிறார்கள். இவர் முற்றுகையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, 3,500 பேரோடு போய் ஹூலாவ் கணவாயை அடைக்கிறார். அதோடு நின்றாரா? வழியில் ஆட்களை ஒளித்து வைத்துவிட்டு, தன் தளபதி யூச்சி ஜிங்தெயும் இன்னும் விரல்விட்டு எண்ணும் ஆட்களுமாக எதிரி முகாம் வாசலுக்கே போய் ‘நான்தான் சின் இளவரசன்’ என்று தன் பட்டத்தைச் சொல்லிக் கத்தி, ஒருவனை அம்பால் சாய்க்கிறார். ஐந்தாறாயிரம் குதிரைகள் துரத்துகின்றன. அவசரப்படாமல், திரும்பித் திரும்பி எய்துகொண்டே, அவர்களை ஒளிந்திருந்தவர்கள் வாயில் கொண்டுவந்து விடுகிறார்.

ஓலைக்கணக்கு:
படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. இதை எழுதியது யார் என்பதுதான் என் கேள்வி. அரசர் தன்னைப் பற்றிய ஏட்டைப் பார்க்கக்கூடாது என்பது அங்கே மரபு. இவர் கேட்டார். நாட்குறிப்பைக் காட்ட முடியாது என்று அதை எழுதும் அதிகாரி சூ சுயிலியாங் மறுத்தார். விடவில்லை. 643-இல் அமைச்சர் ஃபாங் ஷுவான்லிங் தொகுத்த வரலாறு இவர் கைக்கே வந்தது. பரீட்சை எழுதியவரே தாளும் திருத்தினார்.

618-ஐப் பாருங்கள். போட்டி அரசன் சுவே ஜூவிடம் தாங் படை செம அடி வாங்குகிறது. தலைமை லி ஷிமின். ஆனால் ஏடு என்ன சொல்கிறது? இளவரசர் காய்ச்சலில் படுத்திருந்தார், பேச்சைக் கேட்காமல் மற்றவர்கள் போய் மாட்டிக்கொண்டார்கள் என்று. ஜெயித்தால் இளவரசர், தோற்றால் காய்ச்சல்.

டீக்கடை பெஞ்ச்:
அண்ணே, காய்ச்சல் யாருக்கும் வரும்தானே :)

கல்குதிரை:
ஏட்டைத் திருத்தலாம், கல்லை? இவருடைய சாவ்லிங் கல்லறைக்காகப் போர்க்குதிரைகள் ஆறையும் செதுக்கி வைத்தார்கள். நான்கின் உடம்பில் அம்பு. அதில் ஒன்றுக்கு மட்டும் ஒன்பது. இன்னொன்றின் மார்பில் தைத்த அம்பை ஒரு வீரன் முன்னால் நின்று பிடுங்குகிறான். குதிரை அவன் தோளோடு தலையைச் சாய்த்து நிற்கிறது. லுவோயாங்குக்கு வெளியே எதிரி வரிசையைத் துளைத்துப் போனபோது கூட வந்தவர்கள் பிரிந்துவிட, தளபதி சியூ சிங்கோங் ஒருவர்தான் பக்கத்தில் இருந்தார். தன் குதிரையை இளவரசருக்குக் கொடுத்தவரும் அம்பைப் பிடுங்கியவரும் அவர்தான். பாதுகாப்பாகப் பின்னால் நின்றவன் குதிரைக்கு மார்பில் எப்படி அம்பு தைக்கும்?

ஓலைக்கணக்கு:
அந்தக் கல்லைச் செதுக்கச் சொன்னதும் அவரேதான். ஒவ்வொரு குதிரைக்கும் புகழ்ப்பாட்டு எழுதியதும் அவரே. சொந்தச் செலவில் மெய்க்கீர்த்தி. அப்புறம், 626-இல் அரண்மனையின் ஷுவான்வூ வாயிலில் நடந்ததை ஏன் யாரும் வீரக்கணக்கில் சேர்ப்பதில்லை? பதுங்கியிருந்து பட்டத்து இளவரசரான அண்ணனை அம்பெய்து கொன்றார். அடுத்த நிமிடம் இவர் குதிரை மிரண்டு மரங்களுக்குள் ஓடி, கிளையில் சிக்கி, கீழே விழுந்து எழ முடியாமல் கிடந்தார். தம்பி வந்து வில்லைப் பிடுங்கி அதைக்கொண்டே கழுத்தை நெரிக்கப் போனான். ஜிங்தெ வராவிட்டால் தைசோங் என்று ஒருவரே கிடையாது.

கல்குதிரை:
இது உங்களுக்கு எப்படித் தெரியும்? அதே ஏட்டுவழி வந்த வரலாற்றில்தானே இருக்கிறது! அந்த நாளைப் பூசி மெழுகியிருந்ததைப் பார்த்து, நடந்ததை நேரடியாக எழுதுங்கள் என்று சொன்னதும் அவர்தான். விழுந்து கிடந்ததை மறைக்காதவர் ஹூலாவை மட்டும் கட்டிவிட்டாரா?

மழைக்காகிதம்:
இரண்டு பேரும் அம்பையே எண்ணுகிறீர்கள். அவர் ஜெயித்த விதத்தைப் பாருங்கள். 618-இல் தோற்ற பிறகு அதே பகைவரின் மகனோடு அறுபது நாளுக்கு மேல் சும்மா எதிரெதிரே உட்கார்ந்திருந்தார். எவ்வளவு சீண்டினாலும் இறங்கவில்லை. அவர்கள் தானியம் தீர்ந்த பிறகுதான் அடித்தார். சோங் ஜின்காங் என்ற இன்னோர் எதிரித் தளபதியோடு மாதக்கணக்கில் அதே கதை. அவன் பசியில் பின்வாங்கியதும் ஒரு பகல் ஓர் இரவு விடாமல் துரத்தினார். இரண்டு நாள் சாப்பாடு இல்லை, மூன்று நாள் கவசம் கழற்றவில்லை. படையிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஓர் ஆடு. அதைப் பகிர்ந்து தின்றார்கள்.

ஹூலாவிலும் அப்படித்தான். தோ ஜியென்தெயின் ஆட்கள் விடியலிலிருந்து உச்சிவரை வரிசையில் நின்று, சோர்ந்து உட்கார்ந்து, தண்ணீருக்கு முட்டி மோத ஆரம்பித்த பிறகுதான் இவர் ஆற்றைத் தாண்டினார். கொடிகளைச் சுருட்டிக்கொண்டு வரிசையைக் கிழித்துப் போய், பின்னால் போய் விரித்தார். தங்கள் முதுகுப்பக்கம் தாங் கொடியைப் பார்த்ததும் அந்தப் படை கலைந்தது. 50,000 பேர் கைதி. அந்தப் பாய்ச்சல் அரை நாள் வேலை. அதற்கு முன்னால் ஒரு மாதத்துக்கும் மேல் காத்திருப்பு. என்னைக் கேட்டால் அவர் பெயர் நிற்பது இந்தக் காத்திருப்பில்தான்.

ஓலைக்கணக்கு:
இதை ஒத்துக்கொள்கிறேன், சாப்பாட்டுக் கணக்கை யாரும் புகழுக்காக இட்டுக்கட்ட மாட்டார்கள். ஆனால் அந்தப் பொறுமை 645-இல் எங்கே போனது? கொரிய அரசான கொகுர்யோ மீது படையெடுத்து அன்சி கோட்டை முன்னால் அறுபது நாள் மண்மேடு எழுப்பினார்கள். மேடு சரிந்தது, உள்ளே இருந்தவர்கள் ஓடிவந்து அதையே பிடித்துக்கொண்டார்கள். குளிர் வந்தது, தானியம் குறைந்தது, திரும்பிவிட்டார். இந்த முறை பசியில் பின்வாங்கியது அவர்.

கல்குதிரை:
திரும்பும் வழியில் சேற்றுப்பாதைக்கு விறகு போட்டபோது அரசரே சேணத்தில் விறகைக் கட்டிச் சுமந்தார். முகத்துக்கு நேரே தவறைச் சொல்லும் அமைச்சர் வெய் செங் உயிரோடு இருந்தால் என்னை இந்தப் போருக்கு விட்டிருக்க மாட்டார் என்று புலம்பியதும் பதிவாகியிருக்கிறது. தோல்வியை மறைக்கவில்லையே?

ஓலைக்கணக்கு:
ஏடு அவர் கைக்கு வந்தது 643. இது நடந்தது 645. அதனால்தான் இந்தத் தோல்விக்குக் காய்ச்சல் வரவில்லை.

டீக்கடை பெஞ்ச்:
ஹாஹா, இதற்கு லைக். சரி, அந்த அம்பு பிடுங்கும் குதிரையைப் பார்க்கணும். சீனாவின் சியான் நகருக்குப் போனால் போதுமா?

கல்குதிரை:
போதாது தம்பி. சியான் அருங்காட்சியகத்தில் அசல் நான்குதான். அம்பு பிடுங்கும் குதிரையும் ஒன்பது அம்பு தைத்ததும் பிலடெல்பியாவில் இருக்கின்றன. சியானில் அந்த இரண்டுக்கும் நகல்தான் வைத்திருக்கிறார்கள்.