மறு: சாக் புல்வெளி – வெண்சுண்ணப் புல்வெளி எனலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். சாக் (chalk) என்னும் வெள்ளைப் பாறைமேல் வளரும் புல்வெளிக்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன தமிழ்ப்பெயர் வைப்பது என்ற பேச்சின் தொடர்ச்சி இது.

> சுண்ணாம்புப் புல்வெளி என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். சுண்ணாம்பு என்றதும் வெற்றிலையில் தடவுவதும் சுவரில் அடிப்பதும்தான் நினைவுக்கு வரும். அது சுட்டு நீற்றியது. சுண்ணாம்புக்கல் என்று நீட்டினால் அரியலூர் சிமெண்ட் ஆலைச் சுரங்கங்கள்தான் கண்ணில் நிற்கும். அந்தப் பாறையும் தென் இங்கிலாந்தின் சாக் பாறையும் டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் கடலடியில் உருவானவைதான். ஆனால் சாக், நகத்தால் கீறினாலே பொடியாக உதிரும் மென்பாறை. கடலில் மிதந்த நுண்பாசிகளின் ஓட்டுத் தகடுகள் படிந்து உண்டானது. மழைநீர் அதில் தங்காமல் இறங்கிவிடும். மேலே மெல்லிய மண், அதிலும் சத்துக் குறைவு. எந்தப் புல்லும் கொழுத்து வளர்ந்து மற்றதை அமுக்க முடியாது என்பதால், ஒரு சதுர மீட்டரில் 40 வகைச் செடிகள்கூட நெருக்கியடித்து வாழ்கின்றன.

சீமைச்சுண்ணாம்பு அகராதிப்படி சரி. ஆனால் தென் இங்கிலாந்தின் சசெக்ஸ் குன்றுகளில் நின்றுகொண்டு அந்த ஊர்ப் பாறையையே ‘சீமை’ என்பது வேடிக்கைதான். இலங்கை நண்பர் சொன்ன ‘வெண்கட்டி’ எனக்குப் பிடித்திருந்தது. என்றாலும் கட்டி என்பது கையில் பிடிக்கிற துண்டு; மலைத்தொடருக்கு ஒட்டவில்லை. அதிலிருந்து ‘வெண்’ணை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: சாக் – வெண்சுண்ணம். எல்லாச் சுண்ணப் பாறைகளுக்கும் பொதுவாகச் சுண்ணப் புல்வெளி. அதில் இந்த ஒரு வகை, வெண்சுண்ணப் புல்வெளி. வெண்மை அங்கே அலங்காரமில்லை. புல்லைச் செதுக்கினால் வெள்ளை தெரியும். இங்கிலாந்தின் அஃபிங்டன் குன்றில் சுமார் 3000 ஆண்டுகளுக்கு முன் பள்ளம் வெட்டி, வெண்சுண்ணத்தை இட்டு நிரப்பி வரைந்த குதிரை இன்றும் தொலைவிலிருந்து தெரிகிறது.

> மேய்ச்சல் இல்லாவிட்டால் அது புல்வெளியே இல்லை. ‘மேய்புலம்’ வரவேண்டாமா?

இது வலுவான வாதம். ஆடுகளும் முயல்களும் கடிக்காமல் விட்டால் சில ஆண்டுகளிலேயே முட்புதர் ஏறிவிடும். அடோனிஸ் நீலன் வண்ணத்துப்பூச்சியைப் பாருங்கள். ஆணின் இறக்கை பளீர் நீலம்; வெள்ளை விளிம்பைக் குறுக்கே வெட்டும் மெல்லிய கருங்கோடுகள். அதன் புழு தின்பது ஒரே செடியை, ஹார்ஸ்ஷூ வெட்ச். மஞ்சள் பூ, காயின் கணுக்கள் லாடம்போல் வளைந்திருக்கும், ‘லாடப்பயறு’ எனலாம். புழு சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும். மண்ணுக்குள் வைத்து மூடுவதும் உண்டு. இத்தனையும் நடக்க வெயில் தரையில் பட வேண்டும், புல் ஓரிரு அங்குலத்தைத் தாண்டக் கூடாது. 1953-இல் மிக்சோமாட்டோசிஸ் நோய் பிரிட்டனுக்குள் வந்து முயல்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. புல் உயர்ந்தது, தரை குளிர்ந்தது, இந்த நீலன் பல குன்றுகளிலிருந்து காணாமல் போனது.

ஆனாலும் மேய்ச்சலைச் சொல்லுக்குள் திணிக்க வேண்டாம். களிமண் நிலத்திலும் ஆடு மேயும். அங்கே லாடப்பயறு முளைக்காது. பாறை பெயரில் இருக்கட்டும், மேய்ச்சல் வரையறையின் முதல் வரியில் இருக்கட்டும். அப்புறம், ஆடு கடித்துக் கடித்து மெத்தைபோல் ஆன தரைக்கு ‘குறும்புல் தரை’ என்று பட்டியலில் தனிப்பதிவு போட்டிருக்கிறேன். லாடப்பயறு என்ற பெயர் நம் பக்கம் வேறு செடிக்கு வழக்கில் இருந்தால் மட்டும் உடனே சொல்லுங்கள், மாற்றிவிடலாம்.