ரெக்கவரி கீ: மீட்பு விசையா, காப்புத் திறவுகோலா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கிப் (encrypt செய்து) பூட்டிய கணினி வட்டை, வழக்கமான வழி தடைப்படும்போது திறக்க உதவுவது ரெக்கவரி கீ (recovery key). மென்பொருள் மொழிபெயர்ப்பில் அதற்கு ‘மீட்பு விசை’ போதும் என்று ஐயா முன்மடலில் எழுதியிருந்தார்கள். அச்சொல்லின் இரு பாதிகளையும் என்னால் ஏற்க முடியவில்லை. அண்மையில் நாகர்கோவிலில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் காரணம் விளங்கும்.

கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகன், விண்டோஸ் உள்ள மடிக்கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் நிறுவுவதற்காக, நம்பகமான மென்பொருளை மட்டுமே கணினியைத் தொடங்க விடும் செக்யூர் பூட் (Secure Boot) என்ற அமைப்பை அணைத்தான். அடுத்து விண்டோஸைத் தொடங்கியபோது விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கரின் நீலத் திரை, ரெக்கவரி கீயின் 48 இலக்கங்களைக் கேட்டது. தொடக்க அமைப்பு மாறியது தெரிந்ததும் வட்டின் திறவுகோலைக் காக்கும் டிபிஎம் (TPM) சில்லு அதைத் தராது. அது பழுதன்று, அதற்கு இட்ட வேலையே அதுதான். பையனோ ‘ரெக்கவரி’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, அழிந்த கோப்புகளை மீட்டெடுக்கும் மென்பொருள்களை லினக்ஸில் இரண்டு நாள் ஓட்டிக்கொண்டிருந்தான். எதுவும் அழியவில்லை, வட்டு பூட்டியிருக்கிறது, அவ்வளவுதான் என்பதை அச்சொல் அவனுக்கு உணர்த்தவில்லை.

கணினி வாங்கிய நாளில் முதலில் உள்நுழைந்த அவன் அக்காவின் மைக்ரோசாப்ட் கணக்கில் அந்த எண் கிடைத்தது. எந்த ரெக்கவரி கீ வேண்டும் என்று காட்டத் திரையில் தெரிந்த அடையாளக் குறியின் (Key ID) முதல் 8 எழுத்துகளை ஒப்பிட்டுச் சரியானதை எடுத்தோம். (இதை ‘அடையாள எண்’ என்று பெயர்க்க வேண்டாம், அதில் எழுத்துகளும் வரும்.) அந்த 48 இலக்கங்கள் ஆறு ஆறு இலக்கமாக எட்டுக் கட்டுகள், ஒவ்வொரு கட்டும் 11-ஆல் மீதியின்றி வகுபடுவதால், ஓரிலக்கம் பிசகினாலும் அந்தக் கட்டிலேயே பிழை பிடிபடுகிறது. அதே இலக்கங்களை, பூட்டிய வட்டுகளைத் திறக்க உபுண்டுவில் உள்ள கிரிப்ட்செட்டப் (cryptsetup) என்ற கருவிக்குக் கொடுத்தபோதும் வட்டு திறந்தது. 2020-இல் வந்த 2.3.0 பதிப்பு முதல் அது பிட்லாக்கர் வட்டுகளையும் திறக்கும்.

மீட்பது என்றால் நம் வழக்கில் கைவிட்டுப் போனதைத் திரும்பப் பெறுவது. அடகு வைத்த நகையை அப்படித்தான் மீட்கிறோம். இந்த 48 இலக்கங்களோ வட்டைப் பூட்டும்போதே உண்டாக்கப்பட்டு, வேறிடத்தில் வைக்கப்படுபவை. தரவை மறையாக்கும் திறவுகோலை ஒரு முதன்மைத் திறவுகோல் பூட்டுகிறது. அந்த முதன்மைத் திறவுகோலை டிபிஎம் வழியாகவும் பெறலாம், இந்த இலக்கங்களின் வழியாகவும் பெறலாம். என் பாட்டி பத்தாயத்தின் தாக்கோல் ஒன்றை முந்தானையில் முடிந்திருப்பார். மற்றொன்று மச்சிலுள்ள பெட்டிக்குள் துணியில் சுற்றி இருக்கும். நாம் பெயர் தேடுவது அந்த இரண்டாவது தாக்கோலுக்கு. காப்புப்பிரதி என்ற சொல் பரவிவிட்டதால், முன்கூட்டியே எடுத்து வைப்பது என்ற பொருளைக் ‘காப்பு’ எளிதாகத் தரும்.

‘விசை’யின் சிக்கல் வேறு. ‘மீட்பு விசையை உள்ளிட்டு, என்டர் விசையை அழுத்துக’ என்று ஒரே திரையில் எழுத நேர்ந்தால், விசைப்பலகையில் மீட்பு விசை எங்கே இருக்கிறது என்று தேடுபவரைக் குறைசொல்ல முடியாது. போர்த்துகீசிய வழி வந்த ‘சாவி’யைப் பேச்சில் நான் மறுக்கவில்லை. குமரி மாவட்டத்தில் இன்றும் வழங்கும் ‘தாக்கோல்’, தாழைத் திறக்கும் கோல் என்று தன் பொருளைத் தானே சொல்லும் சொல். அதையே முன்வைக்க எனக்கு ஆசைதான். ஆயினும் பிற மாவட்டத்தாருக்கு அது புதிதாக இருக்கும் என்பதால், எல்லோருக்கும் தெரிந்த ‘திறவுகோல்’ என்பதை எடுத்துக்கொள்கிறேன்.

‘மாற்றுத் திறவுகோல்’ என்பதையும் எண்ணிப் பார்த்தேன். பொத்தானில் அதை எழுதினால், திறவுகோலை மாற்றும் கட்டளையோ என்ற ஐயம் எழும். ‘காப்புத் திறவுகோல்’ லினக்ஸில் வட்டைப் பூட்டும் லக்ஸ் (LUKS) முறைக்கும் பொருந்துகிறது: அதன் இரண்டாம் வடிவமான லக்ஸ்2 வட்டில், தனித்தனியே வட்டைத் திறக்க வல்ல திறவிடங்கள் (keyslots) 32 வரை வைக்கலாம், அவற்றுள் ஒன்றில் நீண்ட கடவுத்தொடரை இட்டு, தாளில் எழுதிப் பத்திரப்படுத்துவோருக்கும் இதே சொல் உதவும்.

ஆகவே மொழிபெயர்ப்புக் கோப்பில் ‘இந்த வட்டின் காப்புத் திறவுகோலை உள்ளிடுக’ என்று இட விரும்புகிறேன். ஐயாவும் மற்றவர்களும் மறுப்பு இருந்தால் காரணத்துடன் எழுத வேண்டுகிறேன்.