ஒன்பதாம் வகுப்பு வந்தும் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

தமிழாசிரியை, செய்யாறு பக்கம்:
ஒன்பதாம் வகுப்புப் பையன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், போர்டில் இருப்பதை அப்படியே எழுதிவிடுவான். ‘கொடு’ என்பதைக் காட்டினால் ‘கெ... ஆ... டு’ என்கிறான். கொம்பையும் க-வையும் சேர்த்துவிட்டு, மிஞ்சிய காலைத் தனியாகப் படிக்கிறான். எட்டு வருஷமாக யாருமே வாசிக்கச் சொல்லவில்லையா?

சிறப்புப் பயிற்றுநர், சேலம்:
சொல்லியிருப்பார்கள் டீச்சர். பக்கத்துப் பிள்ளை முணுமுணுப்பதைப் பிடித்து ஒப்பித்திருப்பான். பாடப் பத்தியை வைத்துச் சோதித்தால் தெரியவே தெரியாது. ‘மொபு, டேசி, நூகை’ என்று அர்த்தமில்லாத சொல் இருபது எழுதிக் கொடுங்கள், ஊகிக்க முடியாது. பெரும்பாலும் மாட்டுவது நாலு இடம்: ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்பது, கொம்பும் காலும் சேர்வது, உகர ஊகாரம் (கு, சு, து, மு என்று எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுகிறதே), அப்புறம் புள்ளியைக் கவனிக்காமல் ‘பட்டம்’ என்பதைப் ‘படடம’ என்பது. 247 எழுத்து அட்டவணையை முதலிலிருந்து தொடங்காதீர்கள். எது தப்புகிறதோ அதற்கு மட்டும் ஜோடிச் சொற்கள்: கொடு–கோடு, தொடு–தோடு, பெறு–பேறு, முடி–மூடி. தினம் இருபது நிமிஷம் போதும். வாசித்த சொற்களையே பத்து, சொல்லச் சொல்ல எழுத வேண்டும். பார்த்து எழுதுவது கணக்கில் வராது.

அரசு உதவிபெறும் பள்ளி, மதுரை:
அர்த்தமில்லாத சொல்லை நீட்டினால் பதினாலு வயசுப் பிள்ளை ‘என்னைக் கிண்டல் பண்றாங்க’ என்றுதான் நினைக்கும். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்ததும் சமூக அறிவியல் புத்தகத்துக்குள் வைத்து மறைத்தாள். தூரத்து ஊர்ப்பெயர்களைக் கொடுங்கள். செய்யாற்றுப் பையனுக்குப் பேராவூரணி, கெங்கவல்லி, தொட்டியம் எல்லாம் புதுச் சொல்தான், ஆனால் பஸ் போர்டு மாதிரி இருக்கும், கௌரவக் குறைச்சல் இல்லை.
எழுத்து கூடியபின் அடுத்த முட்டு நீளச் சொல். ‘நடந்துகொண்டிருந்தபோது’ என்பதில் பென்சிலால் கோடு போட்டுப் பிரிக்க முடியாது. ‘டு’வும் ‘இ’யும் சேர்ந்து ‘டி’ ஆகிவிட்டது. கீழே ‘நடந்து, கொண்டு, இருந்த, போது’ என்று தனித்தனியாக எழுதி, வாசிக்க வைத்து, பிறகு சேர்த்து வாசிக்கச் சொல்ல வேண்டும்.

பட்டதாரி ஆசிரியர், கடலூர்:
எட்டாம் வகுப்பில் ஒருவன் ‘ப’வை ‘ய’ என்றே படித்தான். கண்ணாடி போட்டதும் சரியானது. ஆகவே முதலில் கண் பரிசோதனை. கற்றல் குறைபாடு என்று சந்தேகம் இருந்தால் மருத்துவச் சான்றை இப்போதே வாங்குங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு எல்லாவற்றுக்கும் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நேரத்தில் ஓடினால் கிடைக்காது.

தமிழாசிரியை, செய்யாறு பக்கம்:
கண் நன்றாகத்தான் இருக்கிறது சார். கொடு–கோடு வந்துவிட்டது. இப்போது ‘வௌவால்’ என்பதை ‘வெ-ள-வால்’ என்கிறான். அச்சில் ஔகாரக் குறியும் ‘ள’ எழுத்தும் ஒரே மாதிரி இருந்தால் நான் என்ன சொல்லிக் கொடுப்பது?

சிறப்புப் பயிற்றுநர், சேலம்:
விதியாகச் சொல்லாதீர்கள். ஔவை, கௌதாரி, மௌனம், வௌவால், சௌக்கியம்: ஐந்தையும் முழுச் சொல்லாகவே பழக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.